ஏழு பேருக்கும் உடம்பு சரியில்லை

"எங்கள் பள்ளி அணியின் மாணவியர் எழுவருக்கும் திடீர் உடல்நலக் குறைவு ஏற்பட்டிருப்பதால் ஆட்டத்திலிருந்து விலகிக்கொள்கிறோம்."

மாவட்ட அளவிலான பெண்கள் கபடி இறுதி ஆட்டத்தில், முடிய நான்கு நிமிடம் இருந்தபோது, எங்கள் அணி மூன்று புள்ளிகள் முன்னால் இருந்தபோது, இந்த வரியை எழுதிக் கொடுத்தவன் நான். தலைமையாசிரியர் என்று பச்சை மையில் கையெழுத்துப் போட்டேன். முத்திரை கைப்பையிலேயே இருந்தது. அதையும் அழுத்தி வைத்தேன். அந்த ஏழு பேரில் ஒருத்திக்குக்கூட ஒரு தும்மல் இல்லை.

இதைச் சொல்ல இத்தனை வருஷம் ஆனதற்கு என்னிடம் நல்ல காரணம் எதுவும் கிடையாது. ஓய்வூதியம் ஒழுங்காக வருகிறது. வழியில் பார்ப்பவர்கள் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்கிறார்கள். அது போதும் என்று இருந்துவிட்டேன், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற சாலையில், ஏரிக்கரைத் திருப்பத்துக்கு அருகில் இருக்கிறது. ஒரு பக்கம் ஊர், மறுபக்கம் காலனி, நடுவில் பள்ளி. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள், ஒரே சத்துணவைச் சாப்பிட்டார்கள். சாதி இல்லாத பள்ளி என்று மேடையில் நான் பேசுவதுண்டு. விளையாட்டுப் பாடவேளையில் பையன்கள் மைதானத்துக்கு ஓடுவார்கள். பெண்பிள்ளைகள் வகுப்பைப் பெருக்கிவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேன் பார்ப்பார்கள். இருபது வருஷம் அதைத் தினமும் பார்த்தேன். அதில் ஏதோ தப்பு இருக்கிறது என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. இதையும் நான் செய்த குற்றங்களில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தென்மாவட்டத்திலிருந்து மாற்றலாகி ஒரு பெண் உடற்கல்வி ஆசிரியர் வந்தார். வந்த வாரமே துடைப்பத்தைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பெண்பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போனார். பந்து வாங்க வேண்டாம், வலை வாங்க வேண்டாம், சுண்ணாம்புப் பொடி மட்டும் கொடுங்கள் என்று கேட்டார். நெருஞ்சி முள் மண்டிக் கிடந்த மூலையைப் பிள்ளைகளே கொத்தினார்கள். ஏரி வண்டலை அன்னக்கூடையில் சுமந்து வந்து பரப்பி, தண்ணீர் தெளித்து, காலால் மிதித்துக் களம் ஆக்கினார்கள். முதல் வருஷம் வட்டப் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பினார்கள். அடுத்த வருஷம் அவர்களை ஒருவரும் தோற்கடிக்கவில்லை.

அந்த அணியின் உயிர் இடது ஓரத்தில் இருந்தது. அங்கே நின்றவள் காலனிப் பெண், பத்தாம் வகுப்பு. ஒல்லி, உயரம். பாடி வருகிறவளின் கணுக்காலை அவள் பிடித்தால் அது உடும்புப் பிடி. அவளை அடுத்து அவள் கையைக் கோத்துக்கொண்டு நின்றவள் ஊர்ப் பெண். நெல் அறுவடை இயந்திரம் வைத்திருப்பவரின் மகள். கபடியில் பிடிக்கிறவர்கள் ஜோடி ஜோடியாகக் கைகோத்து நிற்பார்கள். தெரியாதவர்களுக்கு அது வெறும் கைகோப்பு. அந்த இரண்டு பெண்களுக்கும் அது பேச்சு. ஒருத்தி கையை அமுக்கினால் 'இரு' என்று அர்த்தம். விட்டால் 'பாய்'. எதிராளி களத்துக்குள் முப்பது விநாடி பாடிக்கொண்டிருக்கும்போது வாய் திறக்காமல் இந்தக் கைகள் முடிவு செய்துவிடும்.

மாவட்ட இறுதி ஆட்டத்தைப் பார்க்க அரசு விளையாட்டு விடுதியிலிருந்து தேர்வாளர்கள் வருவார்கள் என்று சொன்னார்கள். விடுதியில் இடம் கிடைத்தால் சாப்பாடு, பயிற்சி, பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்பு எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அந்த ஓரக்காரிக்கு இடம் நிச்சயம் என்று உடற்கல்வி ஆசிரியர் நம்பினார். சம்மதப் படிவம் கொடுக்க அவளுடைய தாய் வந்தாள். நடவுக்குப் போய்விட்டு நேராக வந்திருந்தாள்.

"மிஸ்ஸு சொல்லிச்சு சார், சீட்டு கெடைச்சா பன்னண்டாவது வரிக்கும் கவல இல்லியாம். கெடைக்கலன்னா பத்தாவதோட சரி. எங்கூட நடவுக்கு வரட்டும். பதினெட்டு ஆனா கம்பெனி வண்டியில ஏத்தி வுட்டுடுவேன். வேற வயி இல்ல சார் எனுக்கு."

"கிடைக்கும்மா, கவலைப்படாதே" என்றேன். அந்த இடம் அவளுக்கு என்ன என்பதை நான் அறியாமல் எதையும் செய்யவில்லை. அந்தத் தாயே என் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

இறுதி ஆட்டத்துக்குப் பத்து நாள் முன்பு, வட்டப் போட்டியில் எடுத்த ஒரு படம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் சுற்றியது. மறுநாள் ஐந்து பேர் என் அறைக்கு வந்தார்கள். இயந்திரக்காரரும் அவருடைய அண்ணனும் முன்னால் உட்கார்ந்தார்கள்.

"சார், நாங்க ஒண்ணும் படிக்காத ஜனங்க இல்ல" என்று அண்ணன் ஆரம்பித்தார். "பொண்ணுங்க வெளையாடட்டும், நாங்க வேணான்னு சொல்லல. ஆனா இன்னா சார் இந்த டவுசரு? தொடை தெரிய ஆடிக்கினு கீதுங்க. ஊர்ல தல காட்ட முடியல."

"முழு பேன்ட் போடச் சொல்லிடறேன்" என்றேன்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

"சட்டையும் கொஞ்சம் லூசா..."

"அதுவும் சொல்லிடறேன்."

அப்போதும் எழுந்திருக்கவில்லை. ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார். ஒருவர் தொண்டையைச் செருமினார். கடைசியில் இயந்திரக்காரர் கைப்பேசியை என் மேசைமேல் வைத்துப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

"டவுசர வுடுங்க சார். இத்த பாருங்க. எம் பொண்ணு கைய யாரு புடிச்சிக்கினு கீறா, பாருங்க."

"கபடியில அப்படித்தானே..."

"நம்ம புள்ளைங்க மூணு பேரு டீம்ல கீதுங்க இல்ல? அதுங்களுக்குள்ள புடிச்சிக்கட்டுமே. அவுங்க அவுங்களுக்குள்ள புடிச்சிக்கட்டும். இதுல இன்னா சார் பேஜாரு?"

பின்னால் நின்றவர் ஒரு யோசனை சொன்னார். "நடுவுல ஒரு கர்சீப்ப வெச்சிக்கினா போச்சு. ஆளுக்கு ஒரு முனைய புடிச்சிக்கினு ஆடட்டும்!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு நிற்கவில்லை. கைக்குட்டை பிடித்துக்கொண்டு ஆட விதி இடம் கொடுக்குமா என்று ஒரு கணம் நிஜமாகவே யோசித்தேன். எம்.ஏ., எம்.எட். படித்த மண்டை அது.

அந்த ஐந்து பேருக்கும் நிலம் உண்டு. அந்த நிலங்களில் நாற்று நடுகிறவர்கள் காலனிப் பெண்கள். அந்தக் கைகள் தொட்ட நெல்லைச் சோறாக்கித் தின்ன அவர்களுக்குக் கூச்சம் கிடையாது. பதினைந்து வயதுப் பெண்ணின் கை இன்னொரு பதினைந்து வயதுப் பெண்ணின் கைமேல் பட்டால் மட்டும் ஊர் மானம் போய்விடும். இதை அன்றைக்கே அவர்கள் முகத்துக்கு எதிரே சொல்லியிருக்க வேண்டும். வார்த்தைகள் எனக்குத் தெரியாதவை அல்ல. மேடையில் இதைவிட நன்றாகப் பேசியிருக்கிறேன். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி டீ வரவழைத்தேன்.

உடற்கல்வி ஆசிரியரைக் கூப்பிட்டு, ஜோடிகளை மாற்றச் சொன்னேன். அந்த மூன்று பெண்களையும் வலது பக்கம் போடுங்கள், மற்ற நான்கு பேரையும் இடது பக்கம் போடுங்கள் என்றேன்.

"சார், அது ரெண்டு வருஷமாப் பழகின ஜோடி. கையை வெச்சே பேசிக்குதுங்க. பிரிச்சா ரெண்டு பேருமே வீணாப் போயிரும்."

"காம்பினேஷன் மாத்தினா புதுசா ஏதாவது வரும்."

"எதுக்கு மாத்தணும்னு ஒரு காரணம் சொல்லுங்க சார். இப்பவே மாத்திடறேன்."

"நிர்வாகக் காரணம்" என்றேன்.

"பிள்ளைங்க கேட்டா இதையே சொல்லட்டுமா சார்?" என்றார். நான் கோப்பைப் புரட்டத் தொடங்கினேன்.

இறுதி ஆட்டத்தின் முதல் பாதி எப்படிப் போனது என்று விவரிக்க வேண்டியதில்லை. முழு பேன்ட் போட்டுக்கொண்டு, பழக்கமில்லாத கைகளைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் தடுமாறினார்கள். இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் நடுவில் நான் உண்டாக்கிய இடைவெளியில் எதிரணிப் பெண் புகுந்து புகுந்து தொட்டுவிட்டுப் போனாள். ஏழு புள்ளிகள் பின்னால் போய்விட்டோம். தேர்வாளர்களில் ஒருவர் கொட்டாவி விட்டதைப் பார்த்தேன்.

இடைவேளையில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. இரண்டாம் பாதிக்கு இறங்கியபோது இயந்திரக்காரரின் மகள் நேராக இடது பக்கம் நடந்து போய்த் தன் பழைய இடத்தில் நின்றாள். ஓரக்காரி கையை நீட்டினாள். இவள் பிடித்துக்கொண்டாள். உடற்கல்வி ஆசிரியர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்குப் பிறகு நான் பார்த்த ஆட்டத்தை வேறெங்கும் பார்த்ததில்லை. பாடி வந்தவர்களை வரிசையாக மடக்கினார்கள். பிடிபட்டவள் எழுந்து மண்ணைத் தட்டுவதற்குள் அடுத்தவள் பிடிபட்டாள். எதிரணி முழுவதும் வெளியேறி, புள்ளி சமமாகி, பிறகு நாங்கள் மூன்று முன்னால் போனோம். கொட்டாவி விட்டவர் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். பக்கத்திலிருந்தவரிடம் ஓரக்காரியின் சட்டை எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். நான் பார்த்தேன்.

அப்போதுதான் இயந்திரக்காரரும் அண்ணனும் பந்தலுக்குள் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள்.

"நீங்க சொன்னது இன்னா சார், அங்க நடக்கறது இன்னா?"

"பிள்ளைகளாகவே..."

"ஆட்டத்த நிறுத்துங்க. இல்லன்னா நானே உள்ள எறங்கி எம் பொண்ண இஸ்துக்கினு வருவேன். அப்பால அசிங்கமாப் பூடும்."

"நாளைலேந்து ஊர்ப் பசங்க ஒருத்தன் ஸ்கூல் பக்கம் வர மாட்டான்" என்றார் அண்ணன். "ரிட்டேர் ஆவப்போற நேரத்துல ஒனுக்கு எதுக்கு சார் இது?"

ஐந்து மாதம் இருந்தது எனக்கு. எழுந்தேன். நடுவர் மேசைக்கு நடந்தேன். அந்தத் தூரம் முப்பது அடி இருக்கும். திரும்பியிருக்கலாம். 'அசிங்கமாகட்டும், இறங்குங்கள் பார்க்கலாம்' என்று சொல்லியிருந்தால் அத்தனை பேர் முன்னால் அவர் இறங்கியிருக்கவே மாட்டார் என்று இப்போது நினைக்கிறேன். நான் தாள் கேட்டு வாங்கி, மேலே சொன்ன வரியை எழுதினேன்.

மைதானத்தில் அதை ஒலிபெருக்கியில் படித்தார்கள். ஏழு பெண்களும் வியர்வை வழிய நின்று, தங்களுக்கு உடம்பு சரியில்லை என்பதைக் காதால் கேட்டார்கள். நடுவர் அவர்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். முத்திரை இருந்தது. அவர் வேறு என்ன செய்வார்? பாதியில் விலகிய அணியிலிருந்து யாரையும் எடுக்க முடியாது என்று தேர்வாளர்கள் சொல்லிவிட்டார்கள்.

திரும்பும்போது வேன் வாலாஜாபாத் தாண்டியபின் ஓரக்காரி எழுந்து, கம்பிகளைப் பிடித்துக்கொண்டு என் இருக்கைக்கு வந்தாள். அழவில்லை. மரியாதையாகவே கேட்டாள்.

"சார், எனுக்கு ஒடம்புக்கு இன்னா சார்?"

"போய் உட்காரு" என்றேன்.

இதோடு முடிந்திருந்தால்கூட, பயத்தில் ஒரு நிமிடம் புத்தி கெட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ள ஓர் இடுக்கு இருந்திருக்கும். அந்த இடுக்கும் எனக்கு இல்லை. திங்கட்கிழமை உடற்கல்வி ஆசிரியர் ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார்.

"தேர்வாளர்கள்கிட்ட பேசிட்டேன் சார். கோப்பை வேணாம், மறுபடி ஆட வேணாம். உடம்பு சரியில்லைன்னு எழுதினது தப்புன்னு தலைமையாசிரியர் எழுதிக் கொடுத்தா, அந்தப் பொண்ண மட்டும் தனியாக் கூப்பிட்டுப் பார்க்கறாங்களாம். மூணு நாள் டைம் சார்."

பொய் எழுதினேன் என்று நானே எழுதிக்கொடுத்தால் விசாரணை வரும், ஓய்வூதியம் நிற்கும் என்று கணக்குப் போட்டேன். யோசிக்கிறேன் என்று சொல்லிக் கடிதத்தை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

மூன்றாம் நாள் அந்தத் தாய் வந்தாள். சார் கூட்டத்துக்குப் போயிருக்கிறார் என்று சொல்லச் சொன்னேன். என் அறைக்கு அரைக் கதவுதான். கீழே இடைவெளி. அதன் வழியே அவள் கால்கள் தெரிந்தன. முழங்கால் வரை காய்ந்த சேறு. சாப்பாட்டு மணி அடித்தது. அவள் போகவில்லை. கடைசி மணியும் அடித்தது. அப்போதும் அந்தக் கால்கள் அங்கேயே இருந்தன. நான் ஆய்வுக்கூடத்து வாசல் வழியாகப் பின்பக்கமாக வெளியேறி வீட்டுக்குப் போனேன். முப்பத்தைந்து வருஷம் பாடம் நடத்தியவன், ஒரு நடவுக்காரப் பெண்ணின் முகத்தைப் பார்க்கப் பயந்து திருடனைப் போல ஓடினேன்.

இடம் போயிற்று. ஓரக்காரி பத்தாம் வகுப்போடு நின்றாள். இயந்திரக்காரர் தன் மகளை அடுத்த வருஷம் பள்ளிக்கே அனுப்பவில்லை. பதினெட்டு முடிந்ததும் செங்கல்பட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார். உடற்கல்வி ஆசிரியர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. எனக்குப் பிரிவு உபசார விழா நடந்தது. சால்வை போர்த்தியவர் இயந்திரக்காரர். "இவரு இருந்த வரிக்கும் ஒரு சின்ன பிரச்சன வந்தது உண்டா?" என்று அவர் கேட்டதும் கைதட்டினார்கள்.

சமூகம் மாற வேண்டும் என்று சொல்கிறவர்களைக் கேட்டால் இப்போது எரிச்சல் வருகிறது. எங்கே இருக்கிறது அந்தச் சமூகம்? அன்று அந்தப் பந்தலில் அது என் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தது.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு மாலை, கம்பெனி பஸ் ஆட்களை இறக்கிவிடும் இடத்தில் ஓரக்காரியைப் பார்த்தேன். ஒரகடம் பக்கம் வேலை. சீருடைக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. என்னைப் பார்த்ததும் அவளே நின்றாள்.

"நல்லா கீறீங்களா சார்?"

அன்று செய்தது பெரிய தப்பு என்று சொன்னேன். மனதுக்குள் பலமுறை சொல்லிப் பழகியிருந்ததால் சரளமாகவே வந்தது. அவள் முழுவதும் கேட்டாள்.

"எங்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க? எனுக்குத்தான் ஒடம்பு நல்லா இருந்திச்சின்னு அப்பவே தெரியுமே." பையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "சரியில்லன்னு மைக்குல சொன்னீங்க. நல்லாத்தான் இருந்தாங்கன்னு மைக்குலயே சொல்லுங்க. வரட்டா சார், குயந்த காத்துக்கினு கீது."

அதற்குப் பிறகு, போன நவம்பரில் கூடிய கிராம சபையில் நான் கையைத் தூக்கினேன். ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுத் தேர்தல் நடத்திய மண் என்று வழக்கம்போல ஒருவர் பெருமை பேசி முடித்திருந்தார். வாத்தியார் அதைப் பற்றித்தான் ஏதோ சொல்லப்போகிறார் என்று மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். பொய் எழுதியதை, காரணத்தை, கைக்குட்டை யோசனைக்குச் சிரித்ததை, பின்வாசல் வழியாக ஓடியதை. பெயர் சொல்லவில்லை. யார் யார் என்று அங்கே தெரியாதவர் இல்லை.

"சாருக்கு வயசாயிடுச்சு. ஒக்காருங்க சார்" என்றார் முன்வரிசையிலிருந்த இயந்திரக்காரர்.

"அன்னிக்கி எங்ககூட டீ குடிச்சிட்டு, இன்னிக்கி எங்கள கேவலப்படுத்த வந்துட்டாரு" என்றார் அண்ணன். அதில் நியாயம் இருந்தது. குடித்தேன் என்று மைக்கிலேயே சொன்னேன்.

காலனிப் பெண்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவிலிருந்து அவளுடைய தாய் எழுந்தாள். மகளுக்கு அன்றைக்கு ஷிப்ட். தாய் மைக் கேட்கவில்லை.

"எம் பொண்ணு சீட்டு பூடுச்சு. இவுரு அய்தாலும் வராது, ஒக்காந்தாலும் வராது. அத்த வுடுங்க. அந்த நாள்லேந்து பொண்ணுங்க யாரும் கிரவுண்டுல எறங்கல. அந்த எடத்துல இப்ப வாத்தியாருங்க வண்டி நிக்குது. இப்ப ஆறாவது ஏயாவது படிக்கற புள்ளைங்க ஆடணும்னா ஆடலாமா, கூடாதா? மறுபடியும் யாராவது போட்டோவ தூக்கிக்கினு வருவீங்களா? வாயத் தொறந்து சொல்லுங்க."

ஊராட்சிச் செயலாளர் தலைவரின் காதில், இது பொருள் பட்டியலில் இல்லையே, எதில் எழுதுவது என்று கேட்டார். மைக் திறந்தே இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "இதரன்னு போட்டுக்கப்பா" என்றார் தலைவர். இதர: பெண்கள் விளையாட்டு குறித்துப் பேசப்பட்டது. செயலாளர் எழுதினார். கூட்டம் முடிந்தது என்றார்கள். நாற்காலிகளை மடக்கினார்கள்.

காலனிப் பெண்கள் எழுந்திருக்கவில்லை. தாயும் அவர்களோடு மறுபடி தரையில் உட்கார்ந்துகொண்டாள். முப்பது பேர் இருப்பார்கள். "இன்னா எய்தினன்னு படிச்சிக் காட்டு" என்றாள் தாய். படித்ததும், "பேசினது பேசட்டும். ஆடலாம்னு எய்து" என்றாள். தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஊர்ப் பக்கத்துப் பெண்கள் சிலர், போகப் புறப்பட்டவர்கள், நின்று திரும்பி வந்தார்கள். ஒருத்தி குரல் கொடுத்தாள்: "எம் பொண்ணுந்தான் ஆறாவது படிக்கறா. எய்துங்க, இன்னா இப்ப?"

செயலாளர் எழுதினார். பள்ளி மைதானத்தில் எல்லா மாணவியரும் சேர்ந்து விளையாட ஊராட்சிக்கு ஆட்சேபனை இல்லை. ஆட்சேபனை இல்லையாம். யாருடைய மைதானம், யாருடைய ஆட்சேபனை? எனக்குக் கோபம் பொங்கியது. அந்தத் தாய்க்குக் கோபமில்லை. வேலை இருந்தது. "வண்டிங்கள என்னிக்கி எடுப்பீங்க?" என்று கேட்டாள்.

"பார்ப்போம்" என்றார் தலைவர்.

"பாக்கறது இன்னா? கெயமயச் சொல்லு."

வெள்ளிக்கிழமை என்றார். அதையும் எழுதச் சொல்லிவிட்டுத்தான் அவள் தரையைவிட்டு எழுந்து, சேலையை உதறிக்கொண்டு நடந்தாள். என் பக்கம் பார்க்கவில்லை. பார்க்க ஒன்றும் இல்லை.